'பை'யா, 'அன்டில்'லா? மைக்கேல் ஸ்வானைக் கேட்கலாம்

அலுவலக அறிக்கைகளையும் கடிதங்களையும் பிழை திருத்திக் கொடுப்பது என் வேலை. எழுதுகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனாலும் 'ப்ளீஸ் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' வகை வாக்கியங்கள் வருவது நிற்பதில்லை. இதற்கென்றே நான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் புத்தகம் மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்'. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1980இல் முதலில் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பது 2016இல் வந்த நான்காம் பதிப்பு.

அகராதி பொருள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு சொற்கள் ஒரே பொருளில் இருப்பதுபோலத் தெரிந்தால் எதை எங்கே போடுவது என்பதுதான் நம் சிக்கல். ஸ்வான் அங்கேதான் ஆரம்பிக்கிறார். ஒரு நிலை குறிப்பிட்ட நேரம் வரை நீடித்தால் 'அன்டில்'. ஒரு செயல் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டுமென்றால் 'பை'. தமிழிலும் 'வரை', 'க்குள்' என்று தனித்தனியாக இருப்பதால் ஒருமுறை காட்டினால் போதும், பிடிபட்டுவிடும்.

'சின்ஸ்', 'ஃபார்' கொஞ்சம் படுத்தும். தொடங்கிய நேரத்துக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்' என்று மனப்பாடமாகச் சொல்பவர்கூட 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதிவிடுவார். 'இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் வரும் வினை இது. 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும். மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் ஸ்வானுக்கு நன்றாகத் தெரிகின்றன. தவறான வடிவத்தையும் சரியானதற்குப் பக்கத்திலேயே காட்டிவிடுகிறார்.

'பாரோ', 'லெண்ட்', 'சே', 'டெல்' எல்லாம் இருக்கின்றன. 'ஹார்ட்', 'ஹார்ட்லி' பகுதியைப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கடுமையாக உழைப்பவர் என்று பாராட்ட நினைத்து 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதினால், அந்த ஆள் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். பாவம்!

எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்தது அதன் நிதானம். 'லெஸ்', 'ஃபியூவர்' சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்'தான் என்று அடித்துப் பேசுபவர்கள் உண்டு. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் 'இப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும்' என்று தன் விருப்பமாகச் சொன்னது, பிறகு விதியாக இறுகிவிட்டது. ஸ்வான் இதற்காகக் கம்பெடுப்பதில்லை. பேச்சு வழக்கில் பன்மைக்கு முன்னும் 'லெஸ்' சகஜம், சிலர் அதைத் தவறென்பார்கள் என்று இரண்டையும் சொல்கிறார். எதைத் திருத்தியே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிவது என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

குறை இல்லாமல் இல்லை. முந்தைய பதிப்புகளில் எல்லாத் தலைப்பும் அகர வரிசையில் இருந்தன. இப்போது இலக்கணம் தலைப்புவாரியாக ஒரு பக்கம், சொல் குழப்பங்கள் அகர வரிசையில் இன்னொரு பக்கம். தேடுவது இலக்கணமா, சொல்லா என்று முதலில் நாமே முடிவு செய்ய வேண்டும். அது தெரிந்தால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாமே! கடைசியில் உள்ள சொல்லடைவுதான் கதி, அதுவும் பக்க எண் தராமல் பகுதி எண்ணைத் தருகிறது. பழக நாளாகும்.

விளக்கங்கள் முழுக்க ஆங்கிலத்தில்தான். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு வாங்கிக் கொடுத்தால் அலமாரியில்தான் தூங்கும். ஓரளவு எழுதத் தெரிந்து, அனுப்பும் முன் ஒரு விநாடி தயங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். 2005இல் வந்த மூன்றாம் பதிப்பு பழைய புத்தகமாகக் கிடைத்தால், அவசரத்துக்குப் புரட்ட அதுவே வசதி.