ஜார்ஜ் கோட்டை ஹெரிடேஜ் வாக், போகலாமா?

மெட்ராஸ் டே சமயத்துல கோட்டைக்குள்ள கூட்டிட்டுப் போற வாக், தாராளமா போகலாம். செயின்ட் மேரிஸ் சர்ச்தான் ஹைலைட், 1680ல திறந்தது, ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753ல நடந்ததும் இங்கதான், பீரங்கி குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு கூரையை அவ்ளோ கனமா வளைச்சு கட்டிருக்காங்க, அண்ணாந்து பாத்துட்டே நின்னோம். கூட்டிட்டுப் போனவரு சூப்பரா பேசுறாரு, ஆனா மைக் கிடையாது, கூட்டமோ ஜாஸ்தி, பின்னாடி நின்னா ஒண்ணுமே கேக்கல. மியூசியத்துல 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு கோட்டையில ஏத்துன தேசியக்கொடி இருக்கு, அதுக்காகவே டிக்கெட் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, பாத்து பிளான் பண்ணுங்க. தலைமைச் செயலகமும் உள்ளயே இருக்கறதால செக்கிங் உண்டு, ஐடி கார்டு மறந்துடாதீங்க.