தொக்யூசான், ஹல்லாசான், தேபெக்சான்: நண்பர்களோடு போகும் முதல் பனிமலைக்கு எது ஏற்றது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கும் தங்கை ஒருத்தி, வரும் ஆகஸ்டு மாத இறுதியில் தென்கொரியாவின் டேஜியோன் நகரத்துக்கு விரிவுரையாளராகப் போகிறாள். விசா, வீட்டு வாடகை, அரிசி, பருப்பு என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, "அக்கா, குளிர்கால விடுமுறையில் அங்கே எல்லாரும் மலைக்குப் போவார்களாமே, நான் முதலில் எந்த மலைக்குப் போகட்டும்?" என்று கேட்டாள். அதே நகரத்தில் மூன்று கல்வியாண்டுகள் கற்பித்தவள் என்ற முறையில் உடனே ஒரு பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கான காரணங்களை வாசற்படியில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அவளைப் போல வட சென்னையிலிருந்து கற்பிக்கப் போகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கொரியப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் பருவம் டிசம்பர் மூன்றாம் வாரத்தையொட்டி முடிந்துவிடும்; புதிய கல்வியாண்டு மார்ச் மாதத்தில்தான் தொடங்கும். எனவே விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பதிவேற்றி முடித்த ஆசிரியருக்குக் கிடைக்கிற நீண்ட ஓய்வு, ஆண்டின் மிகக் கடுமையான குளிரோடு சேர்ந்தே வருகிறது. அந்த இரண்டு மாதத்தையும் சூடேற்றிய தரையின் மீது போர்வைக்குள் கழித்துவிடலாம். நான் முதல் ஆண்டு அப்படித்தான் கழித்தேன், அதை இன்றும் ஓர் இழப்பாகவே கருதுகிறேன். பெரும்பகுதி மலையாலான அந்த நாட்டில், தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் 2007இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலான மலைகளின் அடிவாரம் வரை பேருந்தும் போகிறது.

எங்கள் குழுவில் நால்வர். பெரம்பூர்த் தோழி ஒருத்தி, 1973இல் தொடங்கப்பட்ட தேதொக் ஆராய்ச்சி வளாகத்தில் வேலை பார்த்த திருவொற்றியூர் அண்ணன், என் துறையைச் சேர்ந்த கொரிய ஆசிரியை, பிறகு நான். எங்களில் மூவர் கடல் மட்டத்திலேயே வளர்ந்தவர்கள். காசிமேட்டில் படகுகளுக்கு ஏற்றுவதற்காக உடைக்கிற ஐஸ் பாளங்களையும், அந்தத் தூள் கொட்டிய தரையில் கால் வழுக்குவதையும் தவிர, பனிக்கட்டியின் மீது நடந்த அனுபவம் எங்களுக்கு இல்லை. ஆகவே உயரத்தையோ புகழையோ வைத்து நான் இந்த மலைகளை ஒப்பிடவில்லை. காலையில் ஒன்றாகக் கிளம்பிய நான்கு பேர் மாலை வரை ஒன்றாக இருக்க அந்த மலை இடம் தருகிறதா என்பதே என் அளவுகோல்.

இந்த மூன்றில் டேஜியோனுக்கு மிக அருகில் இருப்பது தொக்யூசான். 'சான்' என்றால் மலை. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் முஜு ஊரை அடைந்து, அங்கிருந்து பனிச்சறுக்கு வளாகத்துக்குப் போய் கோண்டோலாவில் ஏறினால், 1,520 மீட்டர் உயரமுள்ள சொல்ச்சொன்போங் முனையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து 1,614 மீட்டர் உயரமுள்ள ஹ்யாங்ஜொக்போங் சிகரத்துக்கு வெறும் 600 மீட்டர் நடைதான். மஞ்சள் கடலைத் தாண்டி வரும் சைபீரியக் குளிர்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து இந்த மலைத்தொடரில் பனியாகக் கொட்டுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழையாகக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே நீருக்குப் பதில் வெண்துகள் விழுகிறது, அவ்வளவுதான். உறைபனி மூட்டம் கிளைகளில் படிந்து வெள்ளைப் பவளக் கொத்துகளைப் போல நிற்பதைக் கொரியர்கள் 'சங்கோதே' என்கிறார்கள். அதைக் காண்பதற்கு, நான் பார்த்த இடங்களில் தொக்யூசானை மிஞ்சியது வேறில்லை.

மூட்டுவலி இருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் நாளுக்கும், ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் ஓய்வு கிடைத்தவருக்கும் இந்த மலையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் நட்புக் குழுவுக்கு இது போதவில்லை. வார இறுதிகளில் கோண்டோலாவுக்கு முன்பதிவு வேண்டும், மேலே போனால் சிகரக் கல்லின் அருகில் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஏறிய கால் மணி நேரத்தில் உச்சிக்கு வந்துவிட்டதால், பேசத் தொடங்கும் முன்பே இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. நடந்து உடம்பு சூடேறாமலேயே நேராக உச்சிக் காற்றில் போய் நிற்பதால் குளிரும் இங்கேதான் அதிகமாகத் தாக்கியது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்று கணக்கிட்டால், டேஜியோனில் சுழியம் காட்டுகிற நாளில் உச்சியில் மைனஸ் 10 இருக்கும். காற்றின் கடுமை அதற்கு மேல். சொல்ச்சொன்போங்கில் அன்று நாங்கள் ஒதுங்கிய சங்ஜேரு என்ற மரக் கூடம் 2025 பிப்ரவரியில் தீக்கிரையாகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பெரம்பூர்த் தோழியை அழைத்துச் சற்று நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அதே முஜு வளாகத்தில், 1997இல் உலகப் பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவுகளில், பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். விரும்புகிறவர்கள் செய்யட்டும். கருவி வாடகை, பயிற்சி, சரிவுக் கட்டணம் என்று செலவு கூடுகிறது என்பதோடு, தெரிந்தவர் மேல் சரிவுக்கும் தெரியாதவர் கீழ்ச் சரிவுக்கும் போய், நண்பர்கள் உணவு வேளையில் மட்டுமே சந்திக்கும் நாளாக அது முடிகிறது.

அடுத்தது ஹல்லாசான். 1,947 மீட்டர், தென்கொரியாவிலேயே உயரமான மலை, ஜெஜு தீவின் நடுவில் இருக்கும் எரிமலை, உச்சியில் பேங்னொக்தாம் என்ற பள்ளத்து ஏரி. ஜெஜுவின் எரிமலைப் பகுதியும் எரிமலைக் குழம்புக் குகைகளும் 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. புதிதாக வரும் ஆசிரியர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற பெயர் இதுதான், எனவே இதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டேஜியோனுக்கு அருகிலுள்ள சொங்ஜு விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஜெஜு போய்விடலாம். உச்சிக்குப் போகும் பாதைகள் இரண்டே: சொங்பனாக் பாதை 9.6 கிலோமீட்டர், குவனும்சா பாதை 8.7 கிலோமீட்டர். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். பதிவு செய்தால் மட்டும் போதாது. சொங்பனாக் பாதையில் 7.3 கிலோமீட்டரில் இருக்கும் ஜிந்தல்லேபாத் தங்குமிடத்தை, குளிர்காலத்தில் நண்பகலையொட்டிக் குறித்திருக்கும் நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். கடக்காதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தவறு அங்கேதான் நிகழ்ந்தது. காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியிருக்க வேண்டிய நாங்கள் ஏழரைக்குத்தான் தொடங்கினோம். பாதை முழுவதும் பனி மூடிய கற்களும் மரப்பலகைப் படிகளும். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டபடியே இருக்க வேண்டும். ஐந்தாவது கிலோமீட்டருக்குள் நால்வரும் இரண்டு இரண்டாகப் பிரிந்துவிட்டோம். பெரம்பூர்த் தோழியின் காலணியில் மாட்டியிருந்த ஐசனின் ரப்பர் பட்டை அறுந்து போனது. பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை அங்கே ஐசன் என்பார்கள். அண்ணன் அவளோடு நின்று அதைத் தன் கழுத்துத் துணியால் கட்டிக்கொடுத்திருக்கிறார். எனக்கும் கொரிய ஆசிரியைக்கும் இது தெரியாது. நாங்கள் நேரத்துக்குள் தங்குமிடத்தைக் கடந்துவிட்டோம். அவர்கள் பத்து நிமிடம் தாமதித்து வந்து நிறுத்தப்பட்டார்கள். காவலர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. ஜனவரி மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும் மலையில், உச்சியிலிருந்து 9.6 கிலோமீட்டர் இறங்க வேண்டியவர்களை அப்படித்தான் கணக்குப் பார்த்து அனுப்ப வேண்டும்.

உச்சியில் மேகம் விலகி, உறைந்து வெள்ளைத் தட்டாகக் கிடந்த அந்த ஏரியை நான் பார்த்தேன். பார்த்த அடுத்த நொடியே திரும்பிப் பார்த்து, "அங்கே பாருடி" என்று சொல்ல வாயெடுத்தேன். பெரம்பூர்த் தோழி அங்கே இல்லை. கீழே வந்தபோது இருவரும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தார்கள். பிளாஸ்கில் எனக்கென்று மிச்சம் வைத்திருந்த சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மேலே எப்படி இருந்தது, சொல்லு" என்று கேட்டாள். இன்றுவரை அதை அவளிடம் முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹல்லாசான் மிக அழகான மலை என்பதில் ஐயமில்லை. ஒரே வேகத்தில் நடக்கிற, பனி பழகிய குழுவுக்கு அதற்கு இணை கிடையாது. முதல் பனிமலையாக அதைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

உடை பற்றி இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று நான் உள்ளே அணிந்திருந்தவை எம்.சி. ரோட்டில் வாங்கிய பருத்திப் பனியன்கள், அதுவும் இரண்டு அடுக்காக. ஏறும்போது வியர்வையைக் குடித்த பருத்தி, நின்றதும் முதுகில் ஈரத்துணியாக ஒட்டி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிட்டது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பருத்தி நம் ஊர் வெயிலுக்குத்தான் பொருந்தும். புளிச்சோறும் அப்படியே. குளிரில் பருக்கை பருக்கையாக விறைத்து, கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நான் அந்தத் தங்கைக்குச் சொன்ன பதில் தேபெக்சான். 1,567 மீட்டர், 2016இல்தான் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. டேஜியோனிலிருந்து போவது எளிதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜெச்சொன் நிலையத்தில் வண்டி மாறி, மலைகளுக்கு நடுவே அரை நாள் ரயிலில் உட்கார வேண்டும், இரவு தேபெக் ஊரில் தங்க வேண்டும். ஆனால் எதிரெதிர் இருக்கையில் கழியும் அந்த அரை நாளையே நான் இந்த மலையின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். தென்கொரிய ரயில் நிலையங்களிலேயே உயரமானதான சுஜொன் நிலையம், 855 மீட்டர், அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தோழி அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்காகவே கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

யுயில்சா நுழைவாயிலே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து ஏற வேண்டியது நான்கு கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். இந்த மலையை நான் முன்னால் வைப்பதற்கான முக்கியக் காரணம் அந்தப் பாதையின் அகலம். தொடக்கத்திலிருந்து பாதி தூரத்துக்கும் மேல் வண்டிப் பாதையைப் போல அகலமாக இருப்பதால், நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கலாம். வேகம் குறைந்தவருக்காக மற்றவர்கள் நிற்பது கூடத் தெரியாது. என் ஐசன் தளர்ந்திருப்பதைக் கவனித்த ஒரு கொரியப் பாட்டி, கேட்காமலேயே பனியில் முழங்காலிட்டு, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, "ஜோசிமேயோ" என்றார். 'பார்த்துப் போ' என்று பொருள். பிறகு எங்கள் நால்வர் கையிலும் ஆளுக்கொரு சிற்றாரஞ்சைத் திணித்துவிட்டு முன்னே நடந்தார்.

மேலே போகப் போகப் பட்டுப்போன ஜுமோக் மரங்கள் பனிக்குள் நிற்கின்றன. உயிரோடு ஆயிரம் ஆண்டு, செத்த பின் ஆயிரம் ஆண்டு நிற்கும் மரம் என்பது அந்த ஊர் வழக்கு. உச்சியில் வானத்துக்குப் படையல் இடுவதற்காகக் கல்லை அடுக்கிக் கட்டிய சொன்ஜேதான் என்ற பீடம் இருக்கிறது. அதன் சுவர் ஓரத்தில் காற்று படாமல் நால்வரும் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். திருப்பி அனுப்பும் கெடு நேரம் எதுவும் எங்களை விரட்டவில்லை.

இறங்கும்போது தங்கோல் பக்கம் இறங்குங்கள். 4.4 கிலோமீட்டர் இறங்கி முடிக்கும் இடத்தில், 1997இல் திறந்த நிலக்கரி அருங்காட்சியகம் இருக்கிறது. தேபெக் நிலக்கரிச் சுரங்க ஊர்; அங்கே எஞ்சியிருந்த அரசுச் சுரங்கமான ஜாங்சொங் 2024இல் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் உடுப்புகளின் முன்னால் திருவொற்றியூர் அண்ணன் வெகுநேரம் நின்றார். 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நிற்கும் வரை, ராயபுரத்தில் இருந்த தன் மாமா வீட்டு மாடியில் உலர்த்திய வேட்டியைக் கரி படியாமல் எடுத்ததே கிடையாது என்று அவர் சொன்னதைக் கொரிய ஆசிரியைக்கு நான் மொழிபெயர்த்தேன். தன் தாத்தாவும் இந்த ஊர்ச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தவர் என்று அவர் அப்போதுதான் சொன்னார். இரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து அறையில் பணியாற்றியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஹல்லாசானுக்குப் போக விரும்புகிறவர்கள் உச்சியை விட்டுவிட்டு யொங்சில் பாதையில் போகலாம். 3.7 கிலோமீட்டரில் 1,700 மீட்டர் உயரமுள்ள வித்சே ஒரும் சமவெளியை அடைந்துவிடலாம், முன்பதிவு தேவையில்லை. ஜெஜு பேருந்து நிலையத்திலிருந்து 240ஆம் எண் பேருந்து 1100 சாலை வழியாக யொங்சில் நுழைவாயில் வரை போகிறது. பனி கடுமையாகப் பெய்தால் அந்தச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், விமானச் சீட்டு எடுக்கும்போதே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கையிடம் என் ஐசனைக் கொடுத்துவிட்டேன். இடது காலுக்கான ரப்பரில் சிறு வெடிப்பு இருக்கிறது. டேஜியோனில் எந்த மலையேற்றக் கடையிலும் புதிய பட்டை கிடைக்கும், அதை மாற்றாமல் கிளம்ப வேண்டாம் என்று பையின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.