கறுப்பு நூலில் ஒரு பென்குயின்

'முதல்முறை பின்னுபவர்களுக்கு' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் இந்த அமிகுருமி (நூலால் பின்னிப் பஞ்சு அடைக்கும் பொம்மை) கிட்டை வாங்கினேன். செய்ய வேண்டியது ஒரு பென்குயின். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் நூல், 4 மி.மீ. குரோஷே ஊசி, பஞ்சு, பிளாஸ்டிக் கண்கள், ஒரே ஒரு மார்க்கர் (சுற்றின் தொடக்கத் தையலில் மாட்டும் அடையாளக் கொக்கி). கூடவே வீடியோ.

முதல் இரண்டு நாளும், பின்னலைத் தொடங்கும் நூல் வளையமான மேஜிக் ரிங்கோடு மல்லுக்கட்டியே போயின. வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே (அடிப்படைத் தையல்) போட்டு வால் நூலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு மொத்தமும் உருவிக்கொண்டு கையோடு வந்தது. கிட்டைக் குறை சொல்ல மாட்டேன், வீடியோவில் பொறுமையாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு சங்கிலித் தையல் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஆறையும் போட்டாலும் வேலை நடக்கும். அதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் கறுப்பு நூல். புதிதாகப் பின்னுகிறவர் கையில் கறுப்பைக் கொடுக்க யாருக்கு மனம் வந்ததோ! 6, 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கூட்டிப் போக வேண்டும். எண்ணுவதற்குத் தையல் கண்ணில் பட்டால்தானே? விளக்கடியில் விரலால் தடவித் தடவி எண்ணி, 24 வர வேண்டிய இடத்தில் 27 வந்து, மூன்று முறை பிரித்தேன். கடைசியில் வெள்ளை நூலில் ஒரு பந்து பின்னிப் பழகிவிட்டு, கறுப்பைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தேன். சுற்றுகளை இணைக்காமல் சுருளாகவே போவதால் மார்க்கர் இல்லாமல் எங்கே தொடங்கினோம் என்றே தெரியாது. இருந்த ஒன்றும் தொலைந்தது, ஊக்கு கைகொடுத்தது.

ஊசி அளவும் சரியில்லை. இந்த நூலுக்கு 4 மி.மீ. பெரிது. தையல்களுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்து, பென்குயினுக்குப் பொடுகு வந்த மாதிரி இருந்தது. 3 மி.மீ. ஊசி தனியாக வாங்கி மறுபடி பின்னியதும் துணி நெருக்கமாக வந்தது.

வீடியோவில் மனதாரப் பாராட்ட வேண்டியது தையல் எண்ணிக்கையைக் குறைக்கும் பகுதி. இரண்டு தையல்களின் முன் இழைகளை மட்டும் கோத்துக் குறைப்பதை அருகில் வைத்துக் காட்டுகிறார்கள். குறைத்த இடமே தெரியவில்லை.

பெட்டியில் சொல்லாத ஒன்று: மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குள் போகும். அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. நான் கறுப்பு நூலாலேயே கண் தைத்துவிட்டேன்.

வீடியோவுக்கு 5க்கு 4, பெட்டியில் இருந்த பொருள்களுக்கு 2. வெளிர் நிறத்தில் வேறு பொம்மை இருந்தால் அதை எடுங்கள். என் பென்குயின் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, அடியில் இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைத்திருக்க வேண்டும். அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை, மஞ்சள் மூக்கைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாள்.