ஆர்-9 விண்கலத்தோடு ஆறு ஆண்டுகள்

ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1987-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக வெளியிட்ட 'ஆர்-டைப்' என்னும் வீடியோ விளையாட்டில் நாம் ஓட்டும் போர்க்கலத்தின் பெயர் ஆர்-9. அந்த வரிசையின் முதல் இரண்டு விளையாட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் புதுப்பித்த 'ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் ஈஎக்ஸ்' 2018-இல் வந்தது. மறு ஆண்டு அதை எங்கள் காரைக்குடி வீட்டுக் கணினியில் ஏற்றினேன். அன்று முதல் ஆறு ஆண்டுகளாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அமர்ந்து, வாரத்தில் இரண்டு நாளாவது இந்தக் கலத்தை ஓட்டி வருகிறேன். இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் முதல் விளையாட்டின் ஆர்-9 பற்றியே.

முதல் மாதத்தில் இக்கலம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயுதம் ஏதும் சேராத நிலையில் அது மெதுவாக நகர்கிறது. அதன் குண்டுகள் மெலிந்தவை. எதிரியின் ஒரே குண்டு பட்டாலும், சுவரில் லேசாக உரசினாலும் வெடித்துச் சிதறிவிடுகிறது. வேறு விண்கல விளையாட்டுகளில் இருக்கும் கவசமோ, குறைந்துகொண்டே வரும் உயிர்க்கோடோ இதற்கு இல்லை. இவ்வளவு எளிய கலத்தைக் கொடுத்துவிட்டு எட்டுக் கட்டங்களைக் கடக்கச் சொல்வது நியாயமா என்றுதான் அப்போது தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது ஃபோர்ஸ். கலத்தோடு கூடவே வரும், ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஓர் உருண்டை அது. அதை எதனாலும் அழிக்க முடியாது. எதிரியின் சிறு குண்டுகளைத் தடுத்து விழுங்கும். தொட்ட எதிரியைச் சிதைக்கும். இதைக் கலத்தின் மூக்கிலும் பொருத்தலாம், வாலிலும் பொருத்தலாம், கழற்றித் தொலைவில் எறிந்துவிட்டு அங்கிருந்தபடியே சுட வைக்கவும் செய்யலாம். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை; முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரியும். காவலுக்கு ஒரே ஆள் இருந்தால் அவரை எந்த வாசலில் நிறுத்துவது என்ற கேள்வி அத்தகைய வீட்டில் எழுவது போலவே, ஆர்-9-ஐ ஓட்டுபவருக்கும் ஒவ்வொரு நொடியும் அக்கேள்வி எழுகிறது.

இடம் மாற்றுவதும் ஒரு பட்டனை அழுத்தியவுடன் நடந்துவிடுவதில்லை. முன்னால் இருக்கும் ஃபோர்ஸைக் கழற்றி எறிந்து, நாம் அதைத் தாண்டி முன்னே பறந்து, பிறகு திரும்ப அழைத்தால்தான் அது பின்புறம் வந்து ஒட்டும். அந்த ஓரிரு நொடிகளில் நமக்கு எந்தக் காப்பும் இல்லை. ஒரு கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் மூன்றாம் கட்டத்தின் மாபெரும் போர்க்கப்பலைச் சுற்றிவந்து உறுப்பு உறுப்பாக உடைக்கும்போது, எந்த இடத்தில் முன்கூட்டியே கழற்ற வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய எனக்கு ஏறத்தாழ ஒரு கோடை விடுமுறை ஆனது. முதல் கட்டத்தின் முடிவில் வரும் டாப்கெரடாப்ஸ் என்னும் அரக்கனிடம் இது எளிது: அதன் வயிற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் உருவத்தின்மேல் ஃபோர்ஸை எறிந்துவிட்டு நாம் சற்றுத் தள்ளி நின்றால் போதும்.

இந்த ஃபோர்ஸ், நாம் எதிர்த்துப் போரிடும் பைடோ என்னும் உயிரினத்தைக் கொண்டே செய்யப்பட்டது என்பது இவ்வரிசையின் கதை. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எதிரியோட ஆளையே நாம சம்பளம் இல்லாம வேலைக்கு வச்சிருக்கோமா, அம்மான்?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்து இக்கலத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஃபோர்ஸ் பொருந்தியிருக்கும்போது கிடைக்கும் மூன்று லேசர்களில் என் விருப்பம் நீலம்தான். அது சாய்வாகப் பாய்ந்து சுவர்களில் பட்டுத் திரும்புவதால் குறுகிய பாதைகளில் நமக்காக மூலை முடுக்கெல்லாம் தேடுகிறது. சிவப்பு நேர்ப்பாதையில் வலிமையானது. தரையையும் கூரையையும் ஒட்டி ஊர்ந்து செல்லும் மஞ்சளை நான் விரும்பி எடுப்பது அரிது. வேகம் கூட்டும் பொருள்களையும் ஓர் அளவுக்கு மேல் எடுப்பதில்லை. கலம் துள்ளத் தொடங்கிவிட்டால் சுவர்களே எதிரியாகிவிடுகின்றன. பட்டனை அழுத்திப் பிடித்து ஆற்றலைச் சேர்த்து ஒரே வீச்சில் விடும் வேவ் கேனன் ஆர்-9-இன் இன்னொரு பெருமை. ஆற்றல் சேரும் நேரத்தில் சாதாரணக் குண்டு சுட முடியாது என்பதால், சுடாமல் பொறுத்திருக்கும் தைரியம் இதற்கு வேண்டும். கையில் பிடித்து ஆடும் பழைய கேம்பேடில் அந்தப் பட்டன் தேய்ந்து, பிடித்திருக்கும்போதே விட்டுவிடத் தொடங்கியதால், மூன்றாம் ஆண்டில் புதியது வாங்க நேர்ந்தது.

இத்தனை காலத்திலும் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. கிளாசிக் முறையில் ஒருமுறை அழிந்தால், செக்பாயிண்ட் எனப்படும், வழியில் குறித்துவைத்த முந்தைய இடத்திலிருந்து ஃபோர்ஸும் லேசரும் வேகமும் இல்லாத வெறுங்கலமாக மீண்டும் தொடங்க வேண்டும். முழு ஆயுதத்தோடு கடக்க முடியாத இடத்தை வெறுங்கையோடு கடக்கச் சொல்கிறார்கள். ஒடுக்கமான வழிகளில் பெட்டிகள் போன்றவை வரிசையாக நகர்ந்து வரும் ஆறாம் கட்டத்தில் இது தண்டனைக்குமேல் தண்டனை. ஆர்கேடில் காசு விழ வேண்டும் என்ற கணக்குக்கு இது பொருந்தலாம். ஒருமுறை பணம் கொடுத்து வீட்டில் வாங்கியவருக்கு இது ஏன் என்பது புரியவில்லை. உயிர்களுக்கு வரம்பில்லாத இன்ஃபினிட் முறையில் விழுந்த இடத்திலேயே எழலாம். அம்முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைச் செலவழித்துத்தான் நான் முதன்முதலில் எட்டாம் கட்டத்தின் முடிவைப் பார்த்தேன்.

ஒரு பட்டனில் பழைய தட்டைப் படத்துக்கும் புதிய முப்பரிமாணப் படத்துக்கும் மாறும் வசதி விருந்தினருக்குக் காட்ட நன்றாக இருக்கிறது. நான் பழையதிலேயே ஓட்டுகிறேன். அதில் குண்டுகள் தெளிவாகத் தெரிகின்றன.

புதிதாக வாங்குபவர் இன்ஃபினிட் முறையில் முதல் மூன்று கட்டங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஆடி, ஃபோர்ஸைக் கழற்றி மாட்டக் கை பழகிய பிறகு கிளாசிக் முறைக்குப் போகலாம். நான் கிளாசிக் முறையில் இன்னும் ஆறாம் கட்டத்தில்தான் நிற்கிறேன்.