விட்டுப்போன மாந்திரீகத்தைத் திரும்பத் தொடங்க: கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடை

வருஷக்கணக்கில் விட்டுவிட்டு மாந்திரீகப் பயிற்சிக்குத் திரும்புகிறவர்கள் மதுரையில் முதலில் போக வேண்டியது இந்தச் சின்னக் கடைக்குத்தான். கேட்டதைக் கண்முன்னே நிறுத்துத் தருகிறார்கள், மாதிரியை மோந்து பார்க்கவும் விடுகிறார்கள்.

திருஷ்டி தூபத்துக்கு வெண்கடுகு, நாய்க்கடுகு, மருதாணி விதை தலா 50 கிராம், சாம்பிராணி 100 கிராம் போதும். சாம்பிராணிக் கட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழுப்புக்குள் பால் வெள்ளையாக மணிமணியாகத் தெரிந்தால் நல்ல சரக்கு. இங்கே அது சுத்தம். கடுகை முழுசாகத் தணலில் போட்டால் வெடித்துத் தெறிக்கும், ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். கொட்டாங்கச்சிக் கரியில் சாம்பல் பூத்த பிறகே ஒரு தேக்கரண்டி தூவ வேண்டும். கொழுந்துவிட்டு எரியும்போது போட்டால் பொடி தீய்ந்து கரிநாற்றம்தான் மிஞ்சும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கிடப்பில் போட்ட செப்பு யந்திரத் தகட்டுக்குப் புதுசு வாங்கத் தேவையில்லை என்று அவர்களே சொல்வது பெரிய மனசு. புளியும் சிட்டிகை உப்பும் சேர்த்து விரலால் தேய்த்தால் பச்சைக் களிம்பு போய்விடும். கம்பி நாரால் தேய்த்தால் தகட்டில் கீறிய கோடுகள் அழிந்துவிடும். கழுவியதும் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும்.

கற்பூரம் மட்டும் இங்கே வேண்டாம், மெழுகுக் கலப்பு. எரிந்த தட்டில் கறுப்புப் பிசுக்கு ஒட்டுகிறது. அமாவாசைக்கு முந்தின நாள் கூட்டம் நெரியும்; இடித்துத் தர ஆள் இருக்காது.