வெஸ்டனின் குடைமிளகாயா, ஆடம்ஸின் நிலவா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான எட்வர்ட் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ் இருவருமே 1932இல் தொடங்கிய 'எஃப்/64' என்ற புகைப்படக் குழுவைச் சேர்ந்தவர்கள். துல்லியமான ஃபோகஸ்தான் இருவருக்கும் உயிர். மற்றபடி பாதைகள் வேறு.

வெஸ்டனின் 'குடைமிளகாய் எண் 30' 1930இல் எடுத்தது. காயைத் தகரப் புனலுக்குள் வைத்திருக்கிறார். உட்புற வளைவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தோலின் ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் போகிறது. முறுக்கேறிய மனித முதுகு என்றே தோன்றும். கீழ்ப்பக்கம் அழுகத் தொடங்கிய ஒரு புள்ளியைக்கூட அவர் மறைக்கவில்லை. மெக்சிகோவில் டியேகோ ரிவேரா போன்ற ஓவியர்களோடு பழகியவர் அவர். 1927இல் ஹென்ரியெட்டா ஷோர் வரைந்த சிப்பி ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் சிப்பி, காய்கறி என்று நெருங்கிப் போனார்.

ஆடம்ஸ் பியானோ கலைஞராக வேண்டியவர். 1930இல் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டின் நெகட்டிவ்களைப் பார்த்ததும் புகைப்படமே வழி என்று முடிவெடுத்தார். ஆனாலும் இசை அவரை விடவில்லை: நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் வாசிப்பு என்பார். 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'ஹெர்னாண்டஸ் நிலவெழுச்சி'யே சாட்சி. ஒளியை அளக்கும் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்தே கணக்கிட்டார். அடுத்த ஷாட்டுக்குள் படத்தில் தெரியும் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

எனக்குக் குடைமிளகாய்தான் ஒரு படி மேல். அதில் பார்வையே எல்லாம். நிலவில் பாதி வேலை பிரிண்ட் போடும் இருட்டறையுடையது. ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும், பிந்தியவற்றில் அது ஏறக்குறைய முழுக் கருப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.