குந்தச் சொல்லிப் பாருங்கள்: நான்கு ஸ்பைடர்மேன் பொம்மைகள், ஒரே சோதனை

ஆக்‌ஷன் ஃபிகரைச் சுருக்கி "புதுசா ஒரு ஃபிகர் வந்திருக்கு" என்று வீட்டில் சொன்னால் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள். அதனால் இங்கே பொம்மை என்றே வைத்துக்கொள்வோம். கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாம் மடங்கும், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரப் பொம்மை.

போட்டியில் நால்வர். ஒருவர் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ விற்கும் மார்வெல் லெஜெண்ட்ஸ். மற்ற மூவரும் ஜப்பான்காரர்கள்: பண்டாயின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ், மெடிகாமின் மாஃபெக்ஸ், கையோடோவின் அமேசிங் யமகுச்சி. நால்வரையும் ஒரே தராசில் நிறுத்த ஸ்பைடர்மேனைவிட நல்ல ஆள் கிடையாது. பேட்மேன் பொம்மையில் மூட்டு சரியில்லை என்றால் அங்கி மறைத்துவிடும். அயர்ன்மேன் மடங்கவில்லை என்றால் "கவசம் போட்டவன் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லலாம். ஸ்பைடர்மேன் உடம்போடு ஒட்டிய உடையில் சுவரில் பல்லி மாதிரி ஒட்டியிருக்க வேண்டியவன். எந்தப் பிழையையும் ஒளிக்க இடமில்லை.

அளவில் சண்டை இல்லை. நான்கும் 1/12 கணக்கு. 15 சென்டிமீட்டரைப் பன்னிரண்டால் பெருக்கினால் 180 சென்டிமீட்டர் ஆள். ஒரே அலமாரியில் கலந்து நிறுத்தலாம். நெகா என்ற இன்னொரு நிறுவனத்தின் ஏழு அங்குலப் பொம்மைகளை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், மற்றவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி தெரிவார்கள்.

விலையில்தான் இடைவெளி. லெஜெண்ட்ஸ் அமெரிக்கக் கடையில் 25 டாலரை ஒட்டி. ஜப்பானியப் பொம்மைகள் பதிப்பைப் பொறுத்து அதைப்போல இரண்டரை முதல் நான்கு மடங்கு. அந்தக் கூடுதல் பணம் முகத்துக்கா, மூட்டுக்கா என்பதுதான் கேள்வி. கடைப் படத்தில் எல்லாப் பொம்மையும் நேராக நிற்கும். நேராக நிற்க எந்தப் பொம்மைக்கும் தெரியும். குந்தச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்பைடர்மேன் குந்துவதற்கு நான்கு இடங்கள் ஒத்துழைக்க வேண்டும். தொடை நெஞ்சைத் தொடும் அளவுக்கு மேலே வர வேண்டும். முழங்கால் இரண்டு அச்சில் மடங்கிக் குதிகால் பிட்டத்தைத் தொட வேண்டும். கால்களை அகட்டினாலும் உள்ளங்கால் தரையில் படிய, கணுக்கால் பக்கவாட்டில் சாய வேண்டும். கடைசியாக, பாதத்தின் முன்பகுதி தனியாக மடங்க வேண்டும், எடை முழுக்க அங்கேதான் விழுகிறது. முழங்கால் நால்வரிடமும் ஏறக்குறைய சரியாகவே உண்டு. பிரிப்பது இடுப்பு.

லெஜெண்ட்ஸின் இடுப்பு பெரும்பாலும் சாதாரணப் பந்து மூட்டு. தொடையைத் தூக்கினால் கிடைமட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கவட்டைப் பிளாஸ்டிக்கில் இடித்து நின்றுவிடும். விளைவு, நாற்காலியை உருவிவிட்ட பிறகும் உட்கார்ந்தே இருப்பவர் மாதிரி ஒரு நிலை. பக்கத்தில் இருந்து பார்த்தால் சரியாகவே தெரியும். நேரே பார்த்தால் மாட்டிக்கொள்வார். 2020ஐ ஒட்டி முழங்கை, முழங்காலில் வெளியே தெரிந்த ஆணிகளை மறைத்துவிட்டார்கள். நீலக் காலில் சிவப்புப் புள்ளி தெரியும் அந்தப் பழைய அசிங்கம் இப்போது இல்லை. 25 டாலருக்கு இது நிஜமாகவே பெரிய முன்னேற்றம்.

ஃபிகுவார்ட்ஸில் தொடையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தால், உள்ளிருக்கும் மூட்டு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும். அந்தச் சின்ன இடைவெளியில் தொடை இடிபடாமல் நெஞ்சுவரை ஏறிவிடும். இழுக்காமலே தொடையைத் தூக்கி, "மடங்கவே மாட்டேன் என்கிறது" என்று அழுத்துபவர்கள்தான் இடுப்பை உடைப்பது. முதலில் கீழே, பிறகு மேலே. நிமிர்த்தும்போது மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் நீளமாகத் தெரியும்.

மாஃபெக்ஸ் அழகன். உடலின் மேல் மென்மையான உறை வைத்து மூட்டின் கோடுகளை மறைப்பது அவர்கள் பாணி. தசை வளைவு வயிற்றிலிருந்து தொடைவரை அறுபடாமல் ஓடும். குந்தவும் செய்வார். ஆனால் குந்திய நிலையில் மூன்று வாரம் விட்டால் அந்த மென்மையான பகுதியில் மடிப்பு விழும், சில சமயம் நிரந்தரமாக. கணுக்கால் தளர்ச்சி என்பதும் இந்த வரிசை வாங்குபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. தொங்கவிடும் நிலையில் அது பிரச்சினை இல்லை. ஒற்றைக்காலில் நிறுத்த நினைத்தால் பிரச்சினை.

யமகுச்சி வேறு ஜாதி. கையோடோ 2006இல் கொண்டுவந்த ரிவால்டெக் மூட்டு இரண்டு பாதியாகப் பிளந்த பந்து மாதிரி, பல்சக்கரம் போல 'கிளிக் கிளிக்' என்று படி படியாகத் திரும்பும். தளர்வதே அபூர்வம். வடிவமைப்பாளர் கட்சுஹிசா யமகுச்சியின் பெயரில் வரும் இந்த வரிசையின் ஸ்பைடர்மேன் 2017இல் வந்து, பின்னர் திருத்திய 2.0 பதிப்பும் வந்தது. காமிக்ஸ் புத்தகத்தில் ஓவியர் உடலை முறுக்கி வரைவாரே, அந்த முறுக்கு வேறு எந்தப் பொம்மைக்கும் வராது. அந்த முறுக்குக்குக் கொடுக்கும் விலை? நேராக நிறுத்தினால் இடுப்பிலும் தோளிலும் பிளவு தெரியும், முன்பக்கம் பார்க்கச் சகிக்காது. கையை மாற்றும்போது முன்கையே கழன்று வரும். பயப்பட வேண்டாம், திரும்ப அழுத்தினால் ஏறிவிடும். படம் எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு இது சொர்க்கம், அலமாரியில் அடுக்கி வைத்துத் தூசு தட்டுபவருக்குத் தண்டச் செலவு.

அடுத்தது வலையில் தொங்கும் நிலை. ஒரு கை காதை உரசிக்கொண்டு மேலே போக வேண்டும், முகமும் மேலே பார்க்க வேண்டும். தோளுக்குள் இன்னொரு மூட்டு இருந்தால்தான் கை நெஞ்சுக்குக் குறுக்கேயும் வரும். ஜப்பானிய மூவரிடமும் உண்டு, லெஜெண்ட்ஸில் புதிய வார்ப்புகளில் மட்டும். வாங்கும் முன் படத்தில் மார்புக்கும் தோளுக்கும் நடுவே செங்குத்தான பிளவுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மூட்டு இருக்கிறது. தலையை நிமிர்த்துவதில் ஃபிகுவார்ட்ஸ் தெளிவாக முந்துகிறது, சுவரில் ஊரும் நிலைக்கு இதுதான் முக்கியம்.

தாங்கியும் கணக்கில் சேரும். மாஃபெக்ஸ் பெட்டியிலேயே இடுப்பைக் கவ்வும் தாங்கி வரும். ஃபிகுவார்ட்ஸில் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். லெஜெண்ட்ஸில் தாங்கி இல்லை, ஆனால் உள்ளங்காலில் துளை இருக்கும். அதற்கேற்ற முளை வைத்த வட்டத் தட்டு மலிவு. இதெல்லாம் வேண்டாம் என்றால் மீன்பிடி நரம்பில் கட்டி மேல்தட்டிலிருந்து தொங்கவிடலாம். ஸ்பைடர்மேனுக்கு அதுதான் பொருத்தமும்கூட. நரம்பை மணிக்கட்டில் கட்டாதீர்கள், மொத்த எடையும் மெல்லிய முளையில் விழும். அக்குளைச் சுற்றிக் கட்டுங்கள்.

அந்த மணிக்கட்டு முளைதான் ஜப்பானியப் பொம்மைகளின் பலவீனம். ஸ்பைடர்மேனுக்கு வலை எறியும் கை, முஷ்டி, விரித்த கை என்று ஜோடி ஜோடியாக மாற்றுக் கைகள் வரும். ஒவ்வொரு மாற்றமும் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு குச்சிக்குச் சோதனை. திருகி இழுத்தால் ஒடியும். முன்கையை ஒரு கையால் பிடித்து, முளையின் அடியைக் கட்டைவிரல் நகத்தால் தாங்கி, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் முடி உலர்த்தியின் சூட்டை இருபது முப்பது விநாடி காட்டுங்கள், அல்லது மாற்றுக் கையைச் சுடுதண்ணீரில் அதே நேரம் போட்டு எடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் இளகி, வெண்ணெயில் கத்தி மாதிரி ஏறும்.

ஒடிந்தே போனால்? துண்டு கைக்குள் மாட்டியிருக்கும். 0.8 மில்லிமீட்டர் கைத் துளைப்பானால் இரண்டு பக்கமும் நடுவில் துளையிட்டு, தலை வெட்டிய குண்டூசியைச் செருகி, ஒரு சொட்டு சூப்பர் குளூ. அந்த மூட்டு இனி மற்றவற்றைவிட உறுதி.

லெஜெண்ட்ஸின் நோய் வேறு: மென்மையான பிளாஸ்டிக், பெட்டிக்குள் மாதக்கணக்கில் அழுந்தி, பாதம் வளைந்து வரும். நின்றால் முன்னால் சாயும். மருந்து எளிது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, வளைந்த காலை மட்டும் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம். சூட்டில் நிமிர்த்தி அறையிலேயே ஆறவிட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும், குளிர்ச்சிதான் பூட்டு.

தளர்ந்த பந்து மூட்டுக்கு, கழற்றி, பந்தின்மேல் நிறமற்ற நகப்பூச்சு மெல்லிய ஒரு பூச்சு. முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பாதி காய்ந்ததை மாட்டினால் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை திருப்பும்போது முளை போய்விடும். இறுகிய மூட்டுக்குச் சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும், தொடாதீர்கள். நாள்பட்டால் தூசைச் சேர்க்கும், அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வெடிப்பையும் கிளப்பும்.

பீரோவில் வைப்பவர்கள் அந்துருண்டையை வெளியே எடுத்துவிடுங்கள். நாப்தலின் ஆவி ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பட்டுப்புடவைக்குக் காவல், பொம்மைக்கு எமன். ஈரப்பதமும் வெப்பமும் கூடிய ஊரில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் பிவிசி பிசுபிசுக்கும். அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் மேலே கசிவதுதான் காரணம். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நேர்வெயில் வேண்டாம். 2018இல் வந்த ஸ்பைடர்மேன் வீடியோ கேமில் மார்பு முழுக்கப் படரும் வெள்ளைச் சிலந்தி இருக்கிறதே, அந்த உடையில் ஹாஸ்ப்ரோவும் பண்டாயும் பொம்மை போட்டார்கள். ஜன்னலோரம் வைத்தால் முதலில் மஞ்சளாவது அந்த வெள்ளைதான்.

முகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முகமூடி போட்டவனுக்கு முகச்சாயல் எதற்கு? முகமூடி இல்லாத தலை வேண்டும், அதுவும் நடிகரின் சாயலில் வேண்டும் என்பவர்கள் ஃபிகுவார்ட்ஸின் சினிமாப் பதிப்புகளைப் பார்க்கலாம். காமிக்ஸ் உடைதான் வேண்டும் என்றால் மாஃபெக்ஸ். ஒன்றும் பிடிபடவில்லை, முதல் பொம்மை, கையில் வைத்து மடக்கி விளையாட வேண்டும் என்றால் தயங்காமல் லெஜெண்ட்ஸ். உடைந்தாலும் மனசு உடையாது. நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டாயப்படுத்தினால் ஃபிகுவார்ட்ஸ். எதிலும் முதலிடத்துக்கு அலையாமல் குந்தவும், தொங்கவும், நேராக நிற்கவும் தெரிந்தது அது ஒன்றுதான்.

பெரிய பொம்மைகள் போடும் ஹாட் டாய்ஸ் நிறுவனம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். முப்பது சென்டிமீட்டர், நூற்றுக்கணக்கான டாலர், மேலே நிஜத் துணி உடை. அழகில் இந்த நால்வரும் அருகில் நிற்க முடியாது. ஆனால் குந்தவைத்து விட்டுவிட்டால் முழங்காலில் துணி இழுபட்டு, உடை தொய்ந்துபோகும். அது நிறுத்திப் பார்க்கும் சிலை, வேறு போட்டி.

இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் விலைப்பட்டியலோடு வரியையும் கூட்ட வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரமுத்திரையும் கட்டாயம். வெளிநாட்டுக் கடையில் அறுபது டாலர் என்று பார்த்துப் பூரித்துப்போகும் முன் வரி, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், கணக்கே மாறிவிடும்.

இந்தக் கணக்குதான் போலிகளுக்கு வாழ்வு. ஃபிகுவார்ட்ஸ் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது ஃபிகுவார்ட்ஸ் அல்ல. போலியில் இடுப்பு மூட்டு கீழே இறங்காது, அல்லது இறங்கியது திரும்ப ஏறாது. பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி வாடை வரும். திறக்கக்கூட வேண்டாம், விற்பவரிடம் முகத்தின் நெருக்கப் படம் ஒன்று கேளுங்கள். முகமூடி வலையின் நெடுங்கோடுகள் அத்தனையும் இரு கண்களுக்கு நடுவே ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். அசலில் அந்தப் புள்ளி மூக்கின் மேட்டில் நேராக உட்கார்ந்திருக்கும். போலியில் கோடுகள் ஆளுக்கொரு பக்கம் நழுவி, ஒரு கண்ணோரமாய்ச் சேர்ந்திருக்கும்.